பாத்ரூமில் முடிவான வீடு

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தனம் ஒரு பாத்ரூமுக்குள் மாட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டு பாத்ரூம் இல்லை. விலைக்குப் பார்க்கப் போன வீட்டு பாத்ரூம்!

சிரிக்காதீர்கள். முதலில் முழுக்கக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வருஷமாக நடக்கும் சண்டை இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். நாங்கள் இருப்பது சிம்மக்கல்லில், கடைத்தெரு நெரிசலுக்கு நடுவில், மாடியில், வாடகைக்கு. சொந்த வீடு வாங்க வேண்டும் - அதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. எங்கே வாங்குவது? அங்கேதான் தகராறு.

எனக்கு, ஊருக்கு வெளியே புதிதாக வளரும் கே.கே. நகர். அகலமான தெரு, காற்று, தோட்டம். லாரியிலிருந்து வாழைத்தார் இறக்கும் சத்தம் இல்லாத தூக்கம்... தனத்துக்கோ சிம்மக்கல்லை விட்டு நகர மனசில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வருகிறது. அதை முடித்துவிடலாம் என்பது அவள் கட்சி.

"அந்தப் பொட்டக்காட்டுல போயி யாரோட பேசுறது? கருவேல மரத்தோடயா?"

"சும்மா பாக்க மட்டும் வா" என்று கெஞ்சி, ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன்.

புது வீடு. கட்டியவர் குடிவருவதற்குள் வெளியூருக்கு மாற்றலாகிவிட்டது. புரோக்கர் சாவியோடு நின்றார். பின்னால் கிணறு. இரண்டு பக்கமும் காலி மனை. தனம் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். சரி, கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணே, நிதானமா பாருங்க. நான் ஒரு டீயப் போட்டுட்டு வாரேன்" என்று புரோக்கர் சைக்கிளை எடுத்தார்.

தனம் பாத்ரூமுக்குள் போய், தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று போட்டுப் பார்த்தாள். விழுந்தது. எடுக்கத்தான் வரவில்லை!

மழையில் ஊறிய கதவு. தள்ளினேன். தோளால் இடித்தேன். தோள்தான் வலித்தது. உள்ளேயிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்த குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது.

"ஏங்க... மூச்சு முட்டுதுங்க."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தெருவுக்கு ஓடினேன். ஈ காக்கை இல்லை. யாரைக் கூப்பிட? பேர் தெரிந்தால்தானே! "சார்... அம்மா... யாராவது வாங்களேன்!" என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

வந்தார்கள் ஐயா! எதிர் வீட்டிலிருந்து பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு ஒரு பேங்க் அதிகாரி. பின் தெருவிலிருந்து கடப்பாரையும் கையுமாக ஒரு வாத்தியார். முக்கு வீட்டு டாக்டரம்மா. அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். இத்தனை பேரும் இவ்வளவு நேரம் எங்கேதான் இருந்தார்கள்?

டாக்டரம்மா நேராகக் கொல்லைப்பக்கம் போனார். யாரோ எடுத்துவந்த ஸ்டூலைப் போட்டு ஏறினார். பாத்ரூம் சுவரின் மேலே இருந்த வென்டிலேட்டர் வழியாகக் குரல் கொடுத்தார்.

"யம்மா, மூச்ச நல்லா இழுத்து விடுங்க. பயப்படாதீங்க, காத்து வருது. பேரென்ன?"

"தனம்."

"எந்த ஊரு?"

"மேலூர்ப் பக்கம்..."

"அட! எங்க அம்மாச்சி ஊரும் அங்கிட்டுத்தான்!"

அவ்வளவுதான். வீட்டுக்குள் ஆண்கள் கதவோடு மல்லுக்கட்ட, கொல்லையில் பெண்கள் மாநாடு. வென்டிலேட்டர் கண்ணாடியைக் கழற்றி, டம்ளரில் காபி உள்ளே போனது. பால் யார் ஊற்றுகிறார், குழாயில் தண்ணீர் எப்போது வரும், எந்த வீட்டு மாமியார் எப்படி... ஒரு கட்டத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்! எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

வாத்தியார் கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினார். கதவு படாரென்று பிளந்தது. பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். கொத்தனார் விட்டுப்போன வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள் தனம்.

"கொஞ்சம் பொறுங்க. அக்கா ஒண்ணு சொல்லிக்கிட்டு இருக்காங்க."

டீ குடித்துவிட்டு வந்த புரோக்கருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னண்ணே... கதவு?"

நான் வாயெடுக்குமுன் தனம் முந்திக்கொண்டாள். "கதவ நாங்களே மாத்திக்கிறோம்ணே. வீட்ட மட்டும் வேற யாருக்கும் காட்டிராதீங்க!"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பும்போது சிம்மக்கல்லைத் தாண்டி ரயில்வே ஸ்டேஷன்வரை ஸ்கூட்டரை விட்டுவிட்டேன். தனம் அதற்கும் சிரித்தாள்.

நீங்களும் வீடு பார்க்கப் போகிறீர்களா? சுவரைத் தட்டிப் பாருங்கள், கிணற்றை எட்டிப் பாருங்கள்... அப்படியே தெருவில் நின்று ஒரு தடவை உரக்கக் கத்தியும் பாருங்கள்!