தெய்வ லெவலில் சந்திரம்மா

சங்கமித்ரா தொம்மலூரில் பிறந்தவள். நான்கு தெரு தள்ளி ஓர் ஐந்து மாடி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வேலை கதவுகள். யாருடைய கார்டு எந்தக் கதவை எந்த நேரத்தில் திறக்கலாம் என்று கணினியில் அமைத்துவைப்பாள். ஒரே மாதிரி அனுமதி உள்ளவர்களை ஒரு கூட்டமாகச் சேர்ப்பாள். அதற்கு லெவல் என்று பெயர். இயக்குநர் லெவலுக்கு எல்லாக் கதவும் திறக்கும். ஊழியர் லெவலுக்கு மொட்டைமாடித் தோட்டம் திறக்காது. துப்புரவு லெவலுக்குக் கழிப்பறை திறக்கும், கேன்டீன் திறக்காது. யார் எங்கே வரலாம், யார் எங்கே வரக்கூடாது என்று இந்த நாட்டில் காலங்காலமாக ஆட்களை நிறுத்திப் பார்த்துக்கொண்டதை, இப்போது சுவரில் பதித்த ஒரு சின்னப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. அதற்குக் கூச்சமும் இல்லை, சம்பளமும் இல்லை.

புத்த விகாரைக்குப் போகிற குடும்பம் அவளுடையது. அலுவலகத்தில் யாராவது சுண்டல் நீட்டினால் வாங்கிக்கொள்வாள், திருநீறு நீட்டினால் சிரித்துவைப்பாள். அதற்குமேல் யாரோடும் வாதத்துக்குப் போனதில்லை.

சென்ற ஆண்டு ஒரு பெரிய ஒப்பந்தம் கைநழுவிப் போனது. முதலாளி சீனிவாசராகவன் ஒரு வாரம் யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். கட்டடத்துக்குள் ஜனங்கள் ராகு காலத்தில் நுழைகிறார்கள். ராகு காலம் முழுக்க, தன் இயக்குநர் லெவலைத் தவிர, எந்த வாசலும் யாருக்கும் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். வெளியே போக மட்டும் தடையில்லை. தீயணைப்புத் துறை ராகுவை ஒப்புக்கொள்ளாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தால் என்ன செய்வது என்று சங்கமித்ரா கேட்டாள். அவர்களுக்கு அவர்கள் ஊர் நேரப்படிதான் ராகு காலம் என்றார். கிண்டல் இல்லை, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

உட்கார்ந்து ஏழு நாளுக்கும் ஏழு விதமாக நேரம் அமைத்தாள். வெள்ளிக்கிழமை முற்பகல்களில் பொறியாளர்கள் எல்லாம் எதிர்ச் சாரி டீக்கடையில் மடிக்கணினியோடு நின்றார்கள். கடைக்காரர் வெள்ளிக்கிழமைக்கென்று வடை போட ஆரம்பித்தார்.

பிறகு ஆஞ்சநேயர் வந்தார். மூன்றாம் மாடியைப் புதுப்பித்துத் திறப்புவிழா வைத்தார்கள். விக்கிரகத்தோடு கிளம்பிய பட்டாச்சாரியார் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு, வந்து சேர்ந்தபோது ராகு காலம் தொடங்கிவிட்டது. கதவு சிவப்பு காட்டியது. ராகு தெய்வத்தை ஒன்றும் செய்யாது, தெய்வத்துக்குத் தனி கார்டு போடு என்றார் முதலாளி. கணினி முதற்பெயர் கேட்டது. ஆஞ்சநேய என்று எழுதினாள். கடைசிப் பெயர் கேட்டது, சுவாமி. புகைப்படம் கேட்டது, காலண்டரிலிருந்து எடுத்தாள். லெவலின் பெயர், தெய்வம். எல்லாக் கதவும், எல்லா நேரமும். விக்கிரகம் வரவேற்பறையில் அமர்ந்தது, கார்டு அதன் காலடித் தட்டில்.

இந்த ராகு உண்மையில் பிடித்தது ஒரே ஒருத்தியைத்தான். திங்கட்கிழமை ராகு காலம் காலையிலேயே வந்துவிடும். பொறியாளர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் மாடியின் ஆண்கள் கழிப்பறையைக் கழுவும் சந்திரம்மா மட்டும் விவேக் நகரிலிருந்து பஸ் பிடித்து வந்து மூடிய கதவுக்கு வெளியே நிற்பாள். கதவு திறக்கும்வரை அவள் வராதவள் என்பது கணினியின் கணக்கு. துப்புரவு ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் மஞ்சுநாத், இன்னொரு திங்கட்கிழமை தாமதமானால் வேறு ஆளை அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

சந்திரம்மா சங்கமித்ராவிடம் வந்தாள். "நான் உள்ள போறதே கக்கூஸ் கழுவத்தான் மேடம். அதுக்கு என்னா நல்ல நேரம், கெட்ட நேரம்? சும்னே என்னை மட்டும் நிக்க வச்சுட்டு ஆப்சென்ட் போட்டா எப்டி?"

சங்கமித்ரா முதலாளியிடம் போனாள். ஒருத்திக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டியிருக்கும் என்று அவர் மறுத்துவிட்டார். அவள் இருக்கைக்குத் திரும்பி, சந்திரம்மாவின் கார்டைத் தெய்வ லெவலில் சேர்த்தாள். அடுத்த திங்கட்கிழமை விளக்கு பச்சையாக எரிந்தது.

ராகு காலத்தில் வாசல் வழியாக வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று வாரக் கடைசியில் முதலாளிக்கு ஓர் அறிக்கை போகும். அதில் ஆள் பெயர் இருக்காது, லெவல் மட்டும் இருக்கும். திங்கட்கிழமை காலை தெய்வம் வாசல் வழியாக வந்து, மூன்றாம் மாடி ஏறி, ஆண்கள் கழிப்பறைக்குள் நுழைந்ததாக அந்த வாரம் இருந்தது.

சீனிவாசராகவன் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். பட்டாச்சாரியாரை அழைத்தார். அவர் அறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெண்கள் கழிப்பறைப் பக்கம் போனதாக எழுதியிருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை. (அதை வேறொரு பெண் பிற்பகலில் கழுவுகிறாள்.) அப்படியானால் சந்தேகமே வேண்டாம், சுவாமி பிரம்மச்சாரி அல்லவா என்றார். பரிகார பூஜைக்கு நாள் குறித்தாயிற்று. வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் பறந்தது. கழிப்பறைக் கதவின் நிலையில் சாமந்தி மாலை தொங்கியது. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்கள், பொறியியல் படித்தவர்கள்.

சங்கமித்ரா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பூஜைக்கு முந்தின நாள் முதலாளி அறைக்குப் போனாள்.

"அது ஆஞ்சநேயர் இல்ல சார், சந்திரம்மா. நான்தான் அந்த லெவல்ல போட்டேன்."

கழிப்பறைக்குள் கடவுள் போனதைத் தாங்கிக்கொண்டவருக்கு இதைத் தாங்க முடியவில்லை.

"சுவாமி இருக்கிற இடத்துல கொண்டுபோய் அவளையா வச்சே?"

"திங்கக்கெழம காலைல கதவு தெறக்கிற லெவல் ரெண்டே ரெண்டுதான் சார். ஒண்ணு சாமியோடது, இன்னொண்ணு உங்களோடது. வேணும்னா உங்களோடதுல மாத்திடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்," என்றார் அவசரமாக. "அங்கேயே இருக்கட்டும். இத யார்கிட்டயும் சொல்லிண்டிருக்காதே."

பூஜை நடந்தது. மஞ்சுநாத்தின் கணக்கில் சந்திரம்மா தவறாமல் நேரத்துக்கு வருகிறவள். வேறு ஆள் பேச்சே இப்போது இல்லை. உழைக்கிற மனுஷியாக அந்தக் கதவுக்குள் நுழைய அவளுக்கு இன்றுவரை அனுமதி கிடையாது, தெய்வமாகத்தான் உண்டு. வேலை மட்டும் ஒன்று கூடிவிட்டது: கழுவி முடித்ததும், நிலையிலிருந்து உதிர்ந்த சாமந்தியையும் அவள்தான் பெருக்கி எடுக்க வேண்டும்.