ஏரிக்கரைத் தோட்டத்தில் பதியாமல் போன ஆறு மணி நேரம்

"இது யாரோட வீடு, ஷமீ?" என்று என் கணவர் நஸீர் கேட்டபோது நான் பூக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இத்தாலியில் ஓர் ஏரிக்கரை. கரையிலிருந்து அடுக்கடுக்காக மேலேறும் பழைய வில்லாத் தோட்டம் (செல்வந்தர்களின் கோடை மாளிகைத் தோட்டம்). அதன் உச்சி அடுக்கில் நின்றிருந்தோம்.

"பட்டு வியாபாரி ஒருத்தர் கட்டினதுன்னு போர்டுல இப்பத்தானே படிச்சீங்க" என்றேன். தலையாட்டினார். சிறிது நேரத்தில் அதே குரலில், "இது யாரோட வீடு, ஷமீ?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். மூன்றாம் முறை கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

நஸீருக்கு ஐம்பத்தெட்டு வயது. அமெரிக்காவில் ஃப்ரீமான்ட்டில் வீடு, சாஃப்ட்வேர் வேலை. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. அன்று காலை குளிர்ந்த ஏரித் தண்ணீரில் இறங்கிக் குளித்தார். பிறகு அத்தனை படிகளையும் நிற்காமல் ஏறினார். அவ்வளவுதான்.

ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கைகளைத் தூக்கச் சொன்னேன். இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்தன. என்னைத் தெரிந்தது. தன் பெயர் தெரிந்தது.

"நாம எப்படி இங்க வந்தோம்?"

"ஃப்ளைட்லதாங்க. மூணு நாளாச்சு."

"லீவ் அப்ளை பண்ணினேனா?"

"பண்ணிட்டீங்க."

கீழே தெரிந்த ஏரியைப் பார்த்தார். பிறகு, "நாம எப்படி இங்க வந்தோம்?"

சுற்றிலும் ஆட்கள் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். கைகள் சரியாக இருந்தும், ஸ்ட்ரோக் (மூளைக்கு ரத்த ஓட்டம் தடைபடுவது) என்றே முடிவு செய்துவிட்டேன். அவர் கையை விடாமல் இறங்கினேன். விட்டால் எங்கே போவார் என்று தெரியாது. வாசலில் டிக்கெட் கொடுத்த பெண் என் முகத்தைப் பார்த்ததுமே ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தாள்.

வண்டியிலிருந்து மகள் ஆயிஷாவை அழைத்தேன். விவரம் சொல்லிவிட்டு ஃபோனை அவரிடம் கொடுத்தேன். "காலேஜ் எப்படிம்மா போகுது?" என்று கேட்டார். அவள் படிப்பை முடித்து இரண்டு வருடமாகிறது. அமெரிக்காவில் பிறந்தவள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்று மெதுவாகத் தமிழில் சொன்னாள்: "நல்லா போகுது, வாப்பா."

அப்போதுதான் நான் அழுதேன். "ஏன் அழுறே?" என்று கேட்டார். சொன்னேன். மறந்தார். மறுபடி கேட்டார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ட்ரான்சியன்ட் குளோபல் அம்னீஷியா (சில மணி நேரம் மூளையில் புதிய நினைவு பதியாத நிலை) என்றார் அந்த ஊர் மருத்துவர். தானாகச் சரியாகிவிடுமாம். நான் நம்பவில்லை. மாலை ஐந்து மணிக்கு நஸீர், "பசிக்குது ஷமீ, இது எந்த ஆஸ்பத்திரி?" என்றார். பதில் சொன்னேன். காத்திருந்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை.

ஃப்ரீமான்ட் திரும்பியதும் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். இது மறுபடி வருவது அரிது, ஆனால் அந்த ஆறு மணி நேரம் திரும்பி வராது என்றார். நஸீர் என் ஃபோனில் இருந்த தோட்டத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வேறு யாரோ போய்வந்த ஊரைப் பார்ப்பதுபோல இருந்தது அவர் பார்வை.

"ரொம்பப் பயந்துட்டியா?"

"இல்லைங்க" என்றேன்.

உங்கள் வீட்டில் ஒருவர் திடீரென்று கேட்டதையே கேட்டால், நீங்களாக நோய்க்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்ட்ரோக் இல்லை என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் காலையில் அவருக்கு முன் விழித்துவிடுகிறேன். அவர் வாயிலிருந்து முதல் வாக்கியம் வரும்வரை மூச்சு நெஞ்சிலேயே நிற்கிறது. அவர் உடம்பில் அது ஆறு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. என் உடம்பில் இன்னும் முடியவில்லை.