முகூர்த்த நாளில் வராத பூ

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளன். ஒரு நாள் முற்பகலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நேராக என் மேசைக்கு வந்து, பீப்பாய்க் கணக்கில் சாராயம் வாங்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும், யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எங்கள் ஊரில் சாராயம் வைத்திருந்தவர்கள் உண்டு. அவர்களில் யாரும் அதற்கு எங்களிடம் விண்ணப்பம் கொடுத்ததில்லை.

"எதுக்கு?" என்றேன்.

"பூ கழுவுததுக்கு" என்றார்.

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் கோப்புகளின் மேல் விரித்தார். பழைய காகிதமும் பசையும் மட்டுமே வாசமாக இருந்த அந்த அறையில் மல்லிகை மணத்தது. சோப்புக் கட்டியின் மல்லிகை அல்ல. வைகாசி மாதத்தில் மாலை மயங்கும்போது மொட்டு வாய் திறக்குமே, அந்த மணம். தாசில்தாரே எழுந்து வெளியே வந்து, என்ன விஷயம் என்று கேட்டார். தாசில்தார் தானாக எழுந்து வந்து ஒருவரை விசாரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அவர் எங்கள் தாலுகாக்காரர்தான். நஞ்சை வைத்திருந்த குடும்பம். வேதியியல் படித்துவிட்டு, பம்பாயில் வாசனைப் பொருள் செய்யும் கம்பெனி ஒன்றில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். நான் அவரை அண்ணாச்சி என்றேன். அவர் என்னை முதல் நாளே "வே" என்றுதான் கூப்பிட்டார்.

அவர் சொன்னது எளிமையானது. எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் மல்லிகை பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி நாலா பக்கமும் போகிறது. மறுநாள் குப்பைக்குப் போகிறது. பூவை ஒரு திரவத்தில் கரைத்தால் மெழுகு போல ஒன்று மிஞ்சும். அந்த மெழுகைச் சாராயத்தில் கழுவினால் மணம் மட்டும் தனியாகப் பிரிந்து வரும். ஒரு சாக்குப் பூவின் மணம் ஒரு சிறு குப்பிக்குள் அடங்கிவிடும், வாடாது, வெளிநாடுவரை போகும்.

"நம்ம பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு வே. நான் அதைப் பத்து வருசத்துக்கு நீட்டுதேன்."

எனக்கு நடைமுறை தெரியும். சாராயத்துக்கு யார், பெட்ரோல் வகைத் திரவத்துக்கு யார், கொதிகலனுக்கு யார், கூரைக்கு யார் என்று எல்லாம் தெரியும். எந்தக் காகிதம் எந்த மேசையில் படுத்துத் தூங்கும், யார் போய் உலுக்கினால் எழுந்திருக்கும் என்பதும் தெரியும். அரசு எனக்குச் சம்பளம் கொடுத்துக் கற்றுத்தந்த இந்த அறிவை, அதுவரை நான் பெரும்பாலும் 'இப்படிச் செய்ய முடியாது' என்று சொல்லத்தான் பயன்படுத்தியிருந்தேன். அவருக்காக முதல் முறையாக மறுபக்கம் நின்று பயன்படுத்தினேன். அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை வேலையில் இருந்தவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆள் மயக்குகிறவர் என்று அவரைச் சொல்லுவார்கள். மயக்கம் ஒன்றும் இல்லை. எதிரில் இருப்பவரை, அவர் பியூனாக இருந்தாலும், முழுதாகப் பார்த்துப் பேசுவார். அவ்வளவுதான். எங்கள் ஊரில் அதற்குப் பழக்கப்பட்டவர்கள் குறைவு. அவரிடம் 'எப்படி' என்று கேட்கப் போனவர்கள் 'எப்போது' என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

மோட்டார் சைக்கிளில் மேலநீலிதநல்லூர் பக்கம், குருவிகுளம் பக்கம் என்று கிணற்றுத் தண்ணீரில் பூ போட்டிருந்தவர்களைத் தேடிப் போவார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். சந்தையில் பூவின் விலையைக் கமிஷன் கடைக்காரர் அன்றன்றைக்குச் சொல்லுவார். முகூர்த்த நாளில் விலை கோபுரத்தில் நிற்கும். கல்யாணம் இல்லாத நாளில், கொண்டுவந்த பூவைத் திரும்பச் சுமக்க மனமில்லாமல் ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். அவர்களிடம் இவர் சொன்னார்: வருஷம் முழுக்க ஒரே விலை. கொண்டுவந்த பூவை ஒரு நாளும் திருப்ப மாட்டேன். அவர்களும் வாக்குக் கொடுத்தார்கள்: எங்கள் பூ உங்களுக்குத்தான்.

ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை எழுந்தது. ஆடி மாதத்தில் இயந்திரத்தை ஓடவிட்டார். ஆடியில் யாராவது தொழில் தொடங்குவார்களா என்று ஊரே சிரித்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது. பூ போக இடம் இல்லை. எல்லாப் பூவும் கொட்டகைக்கு வந்தது.

அந்த நாட்களைத்தான் நான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் வந்த மொட்டுகளைச் சிமெண்ட் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். அலுவலகம் முடிந்ததும் சைக்கிளில் நேராக அங்கே போய்விடுவேன். பொழுது சாயச் சாயத் தரை முழுவதும் வெளுக்கும். திறந்த பிறகுதான் இயந்திரத்தில் போட வேண்டும். அதுவரை எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்து காத்திருப்போம். ஒரு தொழிற்சாலையே கையைக் கட்டிக்கொண்டு பூவுக்காகக் காத்திருந்ததை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை. ஆடித்தபசுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் கோயிலைப் பார்த்துவிட்டுக் கொட்டகையையும் பார்க்க வந்தார்கள். அவர் ஒவ்வொருவர் புறங்கையிலும் ஒரு பொட்டு தடவி அனுப்பினார்.

வீட்டுக்குப் போனால் மனைவி மூக்கைச் சுருக்குவாள்.

"தாலுகா ஆபீஸ்ல இருந்து வாரியளா, தலைநிறையப் பூ வச்சுக் கல்யாணத்துக்குப் போய்ட்டு வாரியளா?"

"அண்ணாச்சி என்னை மேனேஜரா வரச் சொல்லுதாரு."

"வரச் சொல்லுவாரு. பென்சனும் அவரே தருவாராமா?"

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டது உண்மை. "எத்தனை நாளைக்கு அடுத்தவன் காகிதத்தையே நகத்துவீரு வே? வந்து நம்ம காகிதத்தை நகத்தும்" என்றார். என் வயதில் ஒரு கேள்வி அப்படி நெஞ்சில் போய் உட்காரக் கூடாது. ராஜினாமா செய்யும் நடைமுறையை நான் பிறருக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். எனக்கு விளக்க யாரும் தேவைப்படவில்லை. பம்பாயிலிருந்து பெரிய வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, நிரந்தரமாக வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டதும் ராஜினாமாவைக் கொடுத்துவிடுவது என்று அண்ணாச்சியும் நானும் பேசி வைத்தோம். மனைவியிடமும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, "என்னமோ செய்யுங்க. அந்த மனுசன் மேல எனக்கும் கோவம் வரமாட்டேங்கு" என்றாள்.

வியாபாரி அடுத்த வைகாசியில் வருவதாக எழுதினார். எந்த நாள் என்று அண்ணாச்சியே குறித்துச் சொல்லலாம் என்றிருந்தார். இவர் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்லப் போனார். பூக்காரர்கள் விடவில்லை. அத்தனை பேருமாகக் கொட்டகைக்கு வந்து நின்றார்கள்.

"ஆடியில ஆரம்பிச்சிய, ஒண்ணும் சொல்லல. இது பெரிய காரியம் அண்ணாச்சி. நல்ல நாளாப் பாத்து வரச் சொல்லுங்க."

பஞ்சாங்கத்தைக் கையால் தொடாத மனிதர். ஆனால் அவர்கள் அவரிடம் தங்களுக்கென்று எதுவும் கேட்டதே இல்லை. அவர்கள் ஆசைப்பட்டதையே செய்வோம் என்றார். அந்த வைகாசியிலேயே மிக நல்ல நாளைத் தேர்ந்தெடுத்தோம். ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்த்து, ரயில் வந்து சேரும் நேரத்தையும் பொருத்திப் பார்த்தோம். அவ்வளவு நல்ல நாள் ஊரில் எல்லோருக்குமே நல்ல நாளாக இருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்ட பூக்காரர்களுக்கும் தோன்றவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்த எங்கள் கண், அன்று அடிக்கப் போகிற மேளத்தை நினைக்கவில்லை.

அன்று விடியும்போதே நான் கொட்டகையில் இருந்தேன். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். தராசு துடைத்து வைத்திருந்தது. ரோட்டில் சைக்கிள்கள் வந்தன. பின் காரியரில் ஈரச் சாக்கு, சாக்கு நிறைய மொட்டு. ஒவ்வொன்றும் கொட்டகை வாசலைத் தாண்டிச் சந்தைப் பக்கம் போனது. ஓட்டுகிறவர்கள் எங்களைப் பார்க்காமல் ஹேண்டில் பாரையே பார்த்துக்கொண்டு போனார்கள். மேலநீலிதநல்லூர்க்காரர் ஒருவர் மட்டும் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. இன்னைக்கு ஒரு நாளு மட்டும். முகூர்த்தம்லா. சந்தையில கேக்க விலையக் கேட்டா தலை சுத்துது. நாளைக்கு மொத்தப் பூவும் ஒங்களுக்குத்தான்."

"நாளைக்கு அந்த வியாபாரி இருக்க மாட்டாருய்யா" என்றேன் நான்.

"அப்ப, அவர ஒரு நாளு இருக்கச் சொல்லுங்களேன்" என்றார் அந்த மனிதர், உண்மையான அக்கறையோடு.

அண்ணாச்சி என் தோளில் கை வைத்து, "விடும் வே. மக வயித்துப் பேத்தி காது குத்துக்குச் சேக்குதாரு" என்றார். பிறகு அவரிடம், "போங்க, வெயில் ஏறுனா மொட்டு வெடிச்சிரும்" என்று அனுப்பி வைத்தார். அண்ணாச்சிக்கு எல்லோர் வீட்டு விசேஷமும் தெரியும். அதுதான் அவருடைய பலம். அன்றைக்கு அது எதற்கும் ஆகவில்லை.

விருந்தாளி வந்தார். பருமனான, மரியாதை தெரிந்த மனிதர். அவருக்குப் போட மாலை மட்டும் இருந்தது. அதையும் சந்தையில் வாங்கியிருந்தோம். இயந்திரத்தைப் பார்த்தார், குப்பிகளை முகர்ந்தார், தலையாட்டினார். பிறகு வெறும் தரையைப் பார்த்து, பூ எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் ஒரு பொய் யோசித்துக்கொண்டிருந்தேன். கோப்பு உலகத்தில் அதற்குப் பஞ்சம் இல்லை. அதற்குள் அண்ணாச்சி, "வாருங்கள், காட்டுகிறேன்" என்று அவரை ஊருக்குள் அழைத்துக்கொண்டு நடந்தார்.

அப்படி ஒரு ஊர்வலத்தில் நான் மறுபடி போகப்போவதில்லை. தெருவுக்கு ஒரு பந்தல். எல்லாப் பந்தலிலும் அவரைத் தெரியும். "வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். வாசல் தோரணத்தில் மல்லிகை, மணப்பெண் ஜடையில் மல்லிகை, நாதஸ்வரக்காரர் கழுத்தில்கூட மல்லிகை. விருந்தாளி, அவர் ஊரில் மல்லிகைக்குச் சொல்லும் பெயரில், "மோக்ரா, மோக்ரா" என்று சின்னப் பிள்ளை போலக் கையை நீட்டிக்கொண்டே வந்தார். நாலாவது பந்தலில் இலையின் முன் உட்கார்ந்து பாயசத்தைக் கையில் அள்ளிக் குடித்தார். "இதெல்லாம் என்னுடைய பூ. இன்றைக்கு இவர்கள் கடன் வாங்கியிருக்கிறார்கள்" என்றார் அண்ணாச்சி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த இடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் முழுமனதாக நம்பினேன். மறுநாள் தாசில்தாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் ரயிலடியில் விருந்தாளி அண்ணாச்சியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சரக்கு முதல் தரம் என்றார். இப்படி ஒரு நாளை வாழ்க்கையில் மறக்க மாட்டேன் என்றார். ஆனால் பூ வருவதையும் வராததையும் கல்யாணங்கள் முடிவு செய்கிற ஆலையை நம்பி, வருஷத்துக்கு இத்தனை குப்பி என்று தான் எப்படி வெளிநாட்டுக்கு வாக்குக் கொடுப்பது என்று கேட்டார். ரயில் போய்விட்டது.

மறுநாள் நான் தற்செயல் விடுப்பு எடுத்தேன். பூக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். வழக்கமாக வராதவர்களும் வந்தார்கள். குனிந்த தலையோடு சாக்குகளை இறக்கி வைத்தார்கள். தரை போதாமல் வாசலில் பாய் விரித்துப் பரப்பினோம். இயந்திரம் கொள்ளாது என்று நான் சொன்னேன்.

"திருப்ப மாட்டேன்னு சொல்லியிருக்கேன்லா வே" என்றார்.

பொழுது சாய்ந்தது. வாசல்வரை வெளுத்தது. காட்ட யாரும் இல்லாத அன்றைக்குத்தான் நாங்கள் அதுவரை எடுத்ததிலேயே நல்ல மணம் எடுத்தோம். சுவரோரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாளைக்கு ராஜினாமாவைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வியாபாரி ஒருவர்தானா, நடைமுறையில் இன்னும் எத்தனையோ வழி இருக்கிறது, நான் கூட இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் காலருகே சிதறிய பூவை ஒவ்வொன்றாக எடுத்து மற்றவற்றோடு சேர்த்தார்.

"வேண்டாம் வே. நீரு ஆபீசுக்குப் போரும்."

"அண்ணாச்சி, நீங்கதானே கூப்பிட்டிய?"

"கூப்பிட்டேன். இப்ப போகச் சொல்லுதேன். போரும்."

அவர் என்னை முகம் பார்க்காமல் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு நடந்தவை, கடன் கட்ட முடியாத ஆலைக்கு நோட்டீஸ், முத்திரை, ஏலம் என்று வரிசையாக நடப்பவை. அவற்றுக்கும் நடைமுறை உண்டு, அதுவும் எனக்குத் தெரியும். கொட்டகை பின்னால் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஆனது. அவர் மறுபடி வடக்கே போய்விட்டார் என்றார்கள். தேடிப் போக எனக்கு முகவரி தெரியாது. தாலுகாவில் யாருடைய முகவரியையும் கண்டுபிடிக்கக் கூடிய ஆள் நான். இந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத் துணிச்சல் வரவில்லை. உதவியாளனாக இருந்து படிப்படியாக மேலே போய், ஒரு குறையும் இல்லாமல் ஓய்வு பெற்றேன். மாதம் தவறாமல் பென்சன் வருகிறது.

வைகாசியில் கல்யாண வீடுகளுக்குப் போய் வந்தால், "அந்த மனுசன் நல்லா இருக்கணும். அவரு மட்டும் அன்னைக்கு வேண்டாம்னு சொல்லாட்டா நாம என்ன ஆயிருப்போம்" என்பாள் மனைவி. இத்தனை வருஷமாகச் சொல்லுகிறாள். நன்றியோடுதான் சொல்லுகிறாள், அதில் தவறு இல்லை. நான் சரி என்று தலையாட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவேன்.

அன்றைக்கு அவர் என்னை இருக்கச் சொல்லியிருக்கலாம்.