பட்டுப்புழு தின்னும் கோழிகள்

கோழியின் முதுகுக்கு நேராக டயர் தொங்குகிறதா என்று ரஹமத் பீவி குனிந்து பார்க்கிறாள். இல்லை, இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. கயிற்றை இழுத்து முருங்கைக் கிளையில் மறுபடி கட்டுகிறாள். நீளவாக்கில் பிளந்த ஸ்கூட்டர் டயர்தான் அவளுடைய தீனித் தொட்டி. முதுகு உயரத்தில் தொங்கினால் கோழி கழுத்தை நீட்டித் தின்னலாம். காலால் கிளறி இறைக்க முடியாது.

அப்படியும் ஒரு கறுப்புக்கோழி அலகால் வாரி இறைக்கும். “ஏண்டி, உங்கப்பன் என்னா கம்பெனில சூப்பர்வைசரா? இந்த எறை எறைக்கிற!” பீவியின் சத்தம் ஓசூர்க் கம்பெனிச் சங்கை விடத் தெளிவாக எங்கள் தெருவுக்குக் கேட்கும்.

பட்டு நூல் எடுக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. கூட்டை வேகவைத்து நூலை இழுத்தபின் புழு மிஞ்சும். மற்றவர்கள் கொட்டிவிடுவதை அவள் வாளியில் கொண்டுவருவாள். நாற்றமென்றால் நாற்றம், அப்படியொரு நாற்றம். அவள் தெருமுனை திரும்புமுன்னே எதிர்வீட்டு மங்கம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

“நல்லாப் பொத்து மங்கம்மா. நாளைக்கு முட்ட கேட்டு வர்றப்ப கைய நீட்டுவியே, அப்ப எடு” என்று சிரித்துக்கொண்டே போவாள்.

புழுவைக் காயவைத்து, இடித்து, ராகித் தவிட்டோடு கலப்பாள். கடைத் தீனி வாங்கி ஒரு வருஷமாகிறது. கஞ்சப்பீவி என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். ஒரு பொருள் வீணாவதைப் பார்த்தால் அவளுக்குக் கை துறுதுறுக்கும், அவ்வளவுதான்.

போன மாசம் கொட்டகையில் புழு நிறைய மிஞ்சியது. தவிடு எதற்கு என்று பத்து நாள் வெறும் புழுவாகவே போட்டாள். கோழிகள் கொழுத்தன. முட்டையிலும் நாற்றம் ஏறிவிட்டது. முக்கால்வாசி முட்டையை வாங்கும் டீக்கடை ராஜப்பன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

“பீவிம்மா, ஆம்லெட்டு தின்னவன், ‘என்னாய்யா, பட்டுச்சேலைய வறுத்துப் போட்டியா’ன்னு கேக்குறான்! இனிமே எனக்கு பெங்களூர் முட்டையே போதும்.”

பீவிக்கு முகம் விழுந்துவிட்டது. அவன் கைவிட்டால் ஒன்பது கோழியும் சந்தைக்குத்தான். “பதினஞ்சு நாளு குடுண்ணா. அப்புறமும் வாசன வந்தா நீ வாங்காத” என்றாள்.

அன்றிலிருந்து பத்துக் கை தவிட்டுக்கு ஒரு கைப் புழுதான். தினமும் ஒரு முட்டையை உடைத்து முகர்வாள். தன் மூக்கை நம்பாமல் மங்கம்மாவையும் கூப்பிடுவாள். “வாடி, இந்தத் தெருவுக்கே உன் மூக்குதான் போலீசு.”

பதினாறாம் நாள் நாலு முட்டையோடு கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ராஜப்பன் ஒன்றை உடைத்து முகர்ந்தான். கல்லில் ஊற்றினான். வெந்ததும் மறுபடி முகர்ந்தான். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான்.

அவன் நிதானமாக மென்று விழுங்கினான். “நாளையிலருந்து இருக்கிறதெல்லாம் எடுத்துட்டு வா பீவிம்மா.”

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். பீவியின் கண் அதற்குள் அடுப்போரம் போய்விட்டது. “அடப்பாவி அண்ணா, இதையுமா எறியற? இடிச்சுப் போட்டா கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து!” என்று குப்பைக் கூடையை இழுத்து, முட்டை ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடியத் தொடங்கினாள்.