தூக்குவாளியில் குலுக்கிய காக்டெயில்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்குக் காக்டெயில் பண்ணத் தெரியும் என்று மச்சினனிடம் ஃபோனில் அடித்துவிட்டது சுத்தப் பொய்.

ஒரு கல்யாண வீட்டில் அவன் சொட்டையைக் கிண்டல் செய்தேன். அதிலிருந்து அவன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. “கசப்பும் இனிப்புமா, அன்னாசி போட்டு ரம் தாரேன், வாலே” என்று கெஞ்சியதில் இன்று பஸ் ஏறிவிட்டான்.

ரம், அன்னாசிச் சாறு, எலுமிச்சை எல்லாம் இருக்கிறது. கசப்புக்கு ஊற்றுகிற சிவப்புச் சரக்கு மட்டும் சங்கரன்கோவிலில் எந்தக் கடையிலும் இல்லை. வேறு வழியில்லாமல் நிலவேம்புக் கஷாயத்தை ஊற்றினேன்.

“இன்னைக்கும் எந்தம்பி கோவிச்சிட்டுப் போனாம்னா நானும் அவங்கூட பஸ் ஏறிருவேன், பாத்துக்கிடுங்க” என்றாள் வீட்டுக்காரி.

“ஏட்டி, சன்னல் சீட்டுக்கு என் துண்டக் கொண்டுபோய்ப் போடு” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

தூக்குவாளியில் ஐஸைப் போட்டு மூடி, தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கினேன்.

“அத்தான்!” என்று அவன் உள்ளே வந்தான். மூடி கழன்றது.

மச்சினனின் வெள்ளை வேட்டி சோப்புத் தண்ணீரில் ஊறுகிறது. என் கைலியோடு பஸ் ஏற மாட்டானாம், அதனால் ராத்திரி இங்கேதான் தங்கல். நிலவேம்புக் கறை எதில் போகும் என்று தெரிந்தவர்கள், அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்.