சைபர் போன சாவி

திண்டுக்கல்லில் மலைக்கோட்டை தெரிகிற தெரு ஒன்றில் எங்கள் பூட்டுக் கடை இருந்தது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு கல்லாவில் நான்தான் உட்கார்ந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஒரு பூட்டைக் கையில் கொடுத்தால் அது எங்கள் பட்டறைப் பூட்டா, அடுத்தவர் பட்டறைப் பூட்டா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

ஒரே இடத்துக்கு நிறையப் பூட்டு போனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம். கதவுப் பூட்டுகளில் ஒன்று, இரண்டு என்று எண் வெட்டுவோம். அதே இடத்துப் பெட்டிப் பூட்டுகளில் எண்ணுக்கு முன்னால் ஒரு சைபர் வெட்டுவோம். பூட்டு எல்லாம் ஒரே அளவுதான். பதினேழு என்றால் கதவு, சைபர் பதினேழு என்றால் பெட்டி. எந்த எண்ணுக்குச் சாவியின் பல் எப்படி என்பதும் கடை நோட்டில் எழுதி இருக்கும். சாவி தொலைந்தவர் இடத்தையும் பூட்டின் எண்ணையும் சொன்னால் போதும், புதுச் சாவி அரத்தால் ராவிக் கொடுப்போம்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். என் மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். இந்த விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, இடத்தையும் எண்ணையும் தட்டினால் பல் அளவு வருகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினாள். என் மகனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான்தான், "செஞ்சு பாக்கட்டும்லே" என்றேன்.

ஊர்க் கோடியில் இருந்த பெண்கள் விடுதிக்கு அறைக் கதவு முதல் பிள்ளைகளின் டிரங்குப் பெட்டி வரை எங்கள் பூட்டுதான். அங்கே ஒரு பிள்ளை பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு எண்ணை எழுதி அனுப்பியிருந்தது. சைபர் பதினேழு. மருமகள் தட்டினாள், பல் அளவு வந்தது, பட்டறையில் ராவி அனுப்பிவிட்டோம்.

மறுநாள் காலையில் விடுதியைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சாவியைக் கல்லா மேல் வைத்தார்.

"இந்தச் சாவி அந்தப் பிள்ளை பெட்டியத் திறக்கலம்மா. எங்க ஸ்டோர் ரூமத் திறக்குது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "என்ன சிஸ்டர் சொல்றீக?"

"பிள்ளைங்க வெளையாட்டுக்குப் போட்டுப் பார்த்திருக்குதுக. அரிசி, பருப்பு அம்புட்டும் இருக்கிற ரூம். உங்க பூட்டுக்கெல்லாம் ஒரே சாவிதானா? அப்படின்னா எல்லாத்தையும் கழட்டி அனுப்பிருறேன். நீங்களே வச்சுக்கங்க."

கடையில் அப்போது வேறு ஆட்களும் நின்றார்கள். பூட்டு விற்கிறவளைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் அது. இத்தனை வருஷமாக எங்கள் சாவி இன்னொரு பூட்டைத் திறந்ததில்லை. விடுதிப் பூட்டுகள் திரும்பி வந்தால் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் போகும். அப்புறம் கடையைத் திறந்து வைப்பதில் அர்த்தம் இல்லை.

மகன் பொண்டாட்டியைப் பார்த்தான். "என்ன மகாராணி, ஒம் கம்ப்யூட்டர் பொட்டி நல்லாத் தெறந்துவிட்ருச்சு போல? களவாணிப் பயலுகளுக்கும் ஒரு சாவி குடுத்து விடுவமா?"

"வாய மூடுலே" என்றேன். "சிஸ்டர், செத்த நேரம் உக்காருங்க. பாத்துச் சொல்றோம்."

மருமகள் எழுந்தாள். போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சைபர் பதினேழைத் தட்டினாள். பல் அளவு வந்தது. பதினேழைத் தட்டினாள். அதே அளவு வந்தது. சேர்த்து வைத்த விவரத்தையும் தான் எழுதிய புரோகிராமையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தப்பு ஏந்தப்புத்தேன், அத்தை. பூட்டுல இல்ல."

"வெளங்கற மாதிரிச் சொல்லு தாயி. சிஸ்டரும் கேக்கட்டும்."

"விவரம் சேத்து வச்சிருக்க எடம் வேற, நான் எழுதுன புரோகிராம் வேற. ரெண்டுக்கும் நடுவுல லைப்ரரின்னு ஒண்ணு ஓடுது. அது வேற யாரோ எழுதுனது. இங்க கேக்குறத அங்க போய்க் கேட்டு, வாங்கியாந்து குடுக்கும். எது எழுத்து, எது கணக்கு எண்ணுன்னு நாந்தேன் அதுக்குச் சொல்லணும். சேத்து வச்ச எடத்துல பூட்டு நம்பர் எழுத்தா இருக்கு. சைபர் பதினேழும் இருக்கு, பதினேழும் இருக்கு. புரோகிராம்ல நான் கணக்கு எண்ணுன்னு போட்டுட்டேன். கணக்குல முன்னாடி சைபருக்கு மதிப்பில்லையா, அது சைபரத் தள்ளிட்டு வெறும் பதினேழுன்னு போய்க் கேட்டிருக்கு. வெறும் பதினேழு ஸ்டோர் ரூம் கதவுல்ல, அந்தப் பல்லக் குடுத்துருச்சு."

"அது ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றேன்.

"சொல்லாது அத்தை. நான் போட்டது சரின்னு நெனச்சுக்கிரும்."

மகன் சிரித்தான். "சொன்னதக் கேக்குதா? அப்ப அதக் கட்டியிருக்கலாம் நான்." அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிஸ்டர் சிரிக்கவில்லை.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. பிள்ளைங்க பயப்படுது. நேர்ல வந்து காட்டுங்க."

மருமகள் கணக்கு எண் என்று இருந்ததை எழுத்து என்று மாற்றினாள். இப்போது சைபர் பதினேழுக்கு ஒரு பல், பதினேழுக்கு வேறு பல் வந்தது. பட்டறையில் நான் பக்கத்தில் நின்று சாவியை ராவ வைத்தேன். நானும் அவளும் சிஸ்டரோடு அதே ஆட்டோவில் போனோம்.

விடுதி முற்றத்தில் பெட்டிகளை வரிசையாக இழுத்துப் போட்டிருந்தார்கள். முதலில் அந்தப் பிள்ளையின் பெட்டி. சாவி போட்டதும் திறந்தது. பிறகு ஸ்டோர் ரூம் கதவு. திறக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம், நான் விடவில்லை. "எல்லாத்துலயும் போடு தாயி" என்றேன். அவள் குனிந்து குனிந்து ஒவ்வொரு பெட்டியிலும் போட்டாள், ஒவ்வொரு கதவிலும் போட்டாள். பிள்ளைகள் கூடவே நடந்து வந்தன. "அக்கா, என் பெட்டிய விட்டுட்டீங்க" என்று ஒன்று கூப்பிட்டது. வேறு எதுவும் திறக்கவில்லை.

"பூட்டெல்லாம் இருக்கட்டும்மா" என்றார் சிஸ்டர். ஆனால் ஸ்டோர் ரூமுக்கு மட்டும் புதுப் பூட்டு கேட்டார். அந்தத் தப்புச் சாவி எத்தனை கை மாறியது, யார் நகல் எடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அன்று சாயங்காலமே நானே கொண்டுபோய் மாட்டிவிட்டு, பழைய பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

கடைக்குத் திரும்பியபோது மருமகள் இன்னும் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தாள். வாடிக்கைக்காரர்களின் டெலிபோன் எண்ணையும் அவள் கணக்கு எண்ணாகவே போட்டிருந்தாளாம்; வெளியூர் எண்களுக்கு முன்னால் வருகிற சைபரும் அதில் போயிருந்தது.

"பூட்டு நம்பரயும் போன் நம்பரயும் யாரு அத்தை கூட்டிக் கழிக்கப் போறா?" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக மாற்றினாள்.