வியாழக்கிழமை வாசனை

“கோச்சுக்காதடா கண்ணு, ஒரே நிமிஷம்தான்” என்று காதோரம் சொல்லிவிட்டுத்தான் எலியக்கா எலியைத் தண்ணீரில் இறக்குவாள். வட்டமான பெரிய தொட்டி. தண்ணீரில் வெள்ளைச் சாயம் கலந்திருப்பதால் அடி தெரியாது. எங்கோ ஓரிடத்தில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சின்ன மேடை ஒன்று ஒளிந்திருக்கும். முதல்நாள் தட்டுத்தடுமாறி அதைக் கண்டுபிடிக்கிற எலி, மறுநாள் ஞாபகமாக நேரே போகிறதா, சுற்றிச் சுற்றி வருகிறதா என்பதுதான் பரீட்சை. எலி மேடையேறிவிட்டால் “அப்படிப் போடு!” என்று ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவாள். ஏறாமல் தவித்தால், அதைவிட அதிகமாக இவள் தவிப்பாள்.

பல்கலைக்கழக மருந்தியல் துறையில் அவளுக்கு முனைவர் பட்டமும் கதவில் பெயர்ப்பலகையும் உண்டு. ஆனாலும் காவலாளி முதல் எல்லோருக்கும் அவள் எலியக்காதான். குளத்தோரம் படரும் ஒரு கசப்புக் கொடியின் சாறு, மனம் நெருக்கடியில் இருக்கும்போதும் ஞாபகத்தையும் கற்கும் திறனையும் காப்பாற்றுமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. விஷயம் வெளியே தெரிந்ததும் நிம்மதி போயிற்று. எதிர்வீட்டு அம்மா காலிப் பாட்டிலோடு வந்து நின்றாள்.

“பையனுக்குப் பரீட்சை வருது. ஒரு மூடி குடுத்தாப் போதும்.”

“குடுக்கலாமே. முதல்ல அவனைத் தொட்டியில தூக்கிப் போட்டு, வழி கண்டுபிடிக்கிறானான்னு பாத்துருவோம்” என்றாள் அக்கா, துளியும் சிரிக்காமல். பாட்டில் பைக்குள் திரும்பிப் போயிற்று.

அந்தச் சாறு அக்காவுக்குத் தேவையே இல்லை. கல்யாண வரவேற்பில் நாத்தனார் “இந்தக் கலர் உனக்கு எடுக்கலையே” என்று சொன்னதும், அப்போது அவள் கையில் இருந்த கோப்பை எந்தப் பக்கம் விரிசல் விட்டிருந்தது என்பதும் இன்றுவரை மறக்கவில்லை. கணவர் பல் மருத்துவர். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்பவர், வீட்டில் தன் வாயைத் திறப்பது அபூர்வம். ஒருநாள் துணிந்து சொன்னார்: “ஞாபகத்துக்கு மருந்து அப்புறம் கண்டுபிடி, தாயே. மறக்கிறதுக்கு ஏதாவது கிடைச்சா முதல்ல வீட்டுக்குக் கொண்டா.” அதுவும் இப்போது அவள் ஞாபகத்தில் பத்திரமாக இருக்கிறது.

எலிகளுக்கு வாலில் போட்ட மைக்கோடுதான் அடையாளம். அக்கா வைத்த பெயர்கள் வேறு. மேடையேறியதும் யாராவது வந்து உபசரிக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பது ‘மாப்பிள்ளை’. தப்பான பக்கம் நீந்திவிட்டு, தொட்டியைக் கட்டியவனைக் குறை சொல்வதுபோல் முறைப்பது ‘பெரியப்பா’.

இந்தச் செல்லம்தான் வினையாயிற்று. சாற்றைச் சோதிப்பதற்கு முன் எலிக்கு நெருக்கடி தரவேண்டும். காற்றுத்துளை போட்ட குறுகலான பிளாஸ்டிக் குழாய்க்குள் சற்று நேரம் அடைத்துவைப்பது வழக்கமான முறை. அக்கா அந்தக் குழாயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எலியை உள்ளே விடுவாள். நெருக்கடியாவது ஒன்றாவது! மாப்பிள்ளை உள்ளே போனதும் தூங்கிவிடும். ‘அ’ புட்டியில் குடித்த எலியும் ‘ஆ’ புட்டியில் குடித்த எலியும் ஒரே மாதிரி நீந்தின. எதில் சாறு, எதில் வெறும் தண்ணீர் என்பது துறையின் புள்ளியியல்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் உதட்டைப் பிதுக்கினார். ஆராய்ச்சியைத் தொடர்வதா, எலிக்கூடத்தை மூடுவதா என்று முடிவு செய்யும் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு மட்டும் புரியலக்கா” என்றார் புள்ளியியல்காரர். “மத்த நாள் எல்லாம் எலிங்க புத்திசாலியா இருக்கு. வியாழக்கிழமை மட்டும் ஏன் மக்காயிடுது?”

அக்காவுக்குப் பொறி தட்டியது. வியாழக்கிழமைதான் துறைத்தலைவர் விருந்தாளிகளை அழைத்து வருவார். முதலில் அவர் குரல் வரும், பிறகு அவர் சென்ட்டு வரும், கடைசியில்தான் அவர் வருவார். “எப்படிப் போகுது நம்ம ஆராய்ச்சி?” என்று தொட்டிமேல் குனிவார். நல்ல மனிதர். எலிக்கூடமே வேண்டாம் என்று எல்லோரும் சொன்ன காலத்தில் அக்காவுக்காகச் சண்டை போட்டு வாங்கித் தந்தவர்.

சந்தேகம் வந்தால் சோதிக்காமல் இருப்பவளா அவள்? திங்கட்கிழமை ஒருமுறை வந்து பார்க்கும்படி தலைவரை அழைத்தாள். “நீயே கூப்பிடறியா?” என்று பூரித்துப்போய் வந்தார். எலிகள் தடுமாறின. அடுத்து, துவைக்கப் போடுகிறேன் என்று அவருடைய வெள்ளைக் கோட்டை மட்டும் வாங்கிவந்து தொட்டியருகே மாட்டினாள். அன்றும் அதே கதை. மாப்பிள்ளை சுற்றிச் சுற்றிக் களைத்து, வெளியே எடுத்ததும் அவள் சட்டைக்கைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டது.

“வியாழனை எல்லாம் எடுத்துட்டா கிராஃப்ல கோடு நேரா, அழகா வரும். யார் கேக்கப்போறா?” என்றார் புள்ளியியல்காரர்.

“காரணம் எழுதாம எடுத்தா திருட்டு. எழுதினா தலைவர் மானம் போகும்” என்ற அக்கா, கொஞ்சம் யோசித்தாள். “எடுக்கிறது இருக்கட்டும். வியாழனை மட்டும் தனியா போட்டுப் பாருங்க.”

அவர் கணினியில் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வியாழக்கிழமையில் எல்லா எலிகளும் தடுமாறியிருந்தன. ஆனால் ‘அ’ புட்டி எலிகள் தடுமாறிவிட்டு மேடைக்கு வந்து சேர்ந்திருந்தன, ‘ஆ’ புட்டி எலிகள் தத்தளித்துக்கொண்டே இருந்தன. ‘அ’ புட்டியில்தான் சாறு என்று அப்போதுதான் ரகசியத்தை உடைத்தார். அந்த ஆராய்ச்சியில் உண்மையான நெருக்கடி குழாய் அல்ல, துறைத்தலைவர்!

இதைச் சொல்லவேண்டியவரிடம் சொல்லியாக வேண்டுமே. அவர் அறைவாசல் வரை போவதும் தண்ணீர் குடிக்கத் திரும்புவதுமாக ஒரு மத்தியானம் போயிற்று. கடைசியில் உள்ளே நுழைந்தாள்.

“சார், எலிங்க பயந்தாத்தான் சாறு வேலை செய்யுதான்னு தெரியும். நான் அடைச்சா தூங்கிடுதுங்க.”

“சரி, வேற எதுக்குப் பயப்படும்?”

அக்கா மின்விசிறியைப் பார்த்தாள். “உங்களுக்கு, சார்.”

தலைவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “எல்லா எலியுமா?”

“எல்லாமே. சாறு குடிச்சது மட்டும் நீங்க நின்னாலும் வழியை மறக்கல.”

அவர் மெல்லத் தன் சட்டைக்கையை முகர்ந்து பார்த்தார். “வீட்டுக்காரி ஆசையா வாங்கிக் குடுத்த சென்ட்டு.”

“நல்ல சென்ட்டுதான் சார். எலிங்களுக்குத்தான் ரசனை பத்தல.”

“அறிக்கையில என்னன்னு எழுதுவே?”

“பழக்கமில்லாத மனித வாசனைன்னு.”

“பழக்கமில்லாததா? இருபது வருஷமா இங்க வர்றேன்!” என்று சத்தம் போட்டவர், தன் சத்தம் தனக்கே கேட்டதுபோலச் சட்டென்று நிறுத்தினார். பிறகு ஆராய்ச்சியாளராகவே கேட்டார்: “தற்செயலாக்கூட இருக்கலாம். புது எலி வச்சு முறையா மறுபடி செய்யணும். நான் என்னைக்கு வரட்டும்?”

கூட்டத்தில் அவரே எழுந்து, “இந்தச் சோதனையில நெருக்கடி நான்தான்” என்றார். சபை குலுங்கிற்று. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எலிக்கூடத்துக்கு இன்னொரு வருஷம் கிடைத்தது.

புதுச் சோதனையின் முதல்நாள் தலைவர் தாராளமாகச் சென்ட்டு அடித்துக்கொண்டு வந்து, சொன்ன இடத்தில், கைகளைப் பின்னால் கட்டி நின்றார். ஒவ்வோர் எலியும் அவர் நின்ற பக்கத்தை விட்டு அலறியடித்து நீந்துவதைப் பார்க்கப் பார்க்க, அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. அக்கா கடைசி எலியைத் தூக்கித் துடைத்துக் கூண்டில் விட்டாள். பிறகு, எலிகளுக்கென்று வெந்நீரில் அலசி மடித்து வைத்திருந்த அடுக்கிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து, உள்ளங்கையில் ஒருமுறை தேய்த்துச் சூடாக்கி, அவரிடம் நீட்டினாள்.